பைக்கால் ஏரியும் கடலில் கரைத்த பெருங்காயமும்

உயர்நிலை மூன்றில் படிக்கும் உங்கள் மகள் பைக்கால் ஏரியைப் பற்றிப் புவியியல் பாடத்திற்காக ஒரு கட்டுரை எழுதப்போவதாகவும், அதன் அமைப்பு, உயிரினங்கள், ஆபத்துகள் ஆகியவற்றை யாராவது விளக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி கடைசி இரண்டு வரிகளில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உலகின் நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கைக் கொண்ட ஏரியில் சில சிற்றூர்களின் சாக்கடையும் ஓர் ஆலையின் கழிவும் கலந்தால் என்ன ஆகிவிடும், கடலில் கரைத்த பெருங்காயம்தானே என்று நீங்கள் சொன்னதாகவும், மகள் அதை ஒப்புக்கொள்ள மறுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இருவரில் யார் சொல்வது சரி என்பதே கேள்வி. நான் மகளின் பக்கம். இருந்தாலும் நீங்கள் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி எங்கே முடிகிறது என்பதைத்தான் கீழே விளக்க முயல்கிறேன்.

முதலில் என் வரம்பைச் சொல்லிவிடுகிறேன். நன்னீர் உயிரியல் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் நீர்த்தேக்கங்களின் நீர்த்தரத்தைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன் நான். என் அனுபவம் முழுவதும் வெப்பமண்டலத்தில், நாற்பது மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள நீரில் கிடைத்தது. பைக்காலை 2016 செப்டம்பரில் ஒரே ஒரு முறை, ஆறு நாள், ஒரு பயணியாகப் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த ஏரியைப் பற்றி நான் சொல்பவை பிறர் அளந்து எழுதியவற்றைப் படித்து அறிந்தவை. தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றிச் சொல்பவை மட்டும் கைப்பட அறிந்தவை.

ஏரி என்றதும் தமிழர்களாகிய நமக்குக் கரை கட்டி, மதகும் கலிங்கும் வைத்து, மழைநீரைத் தேக்கிய ஓர் இடம் மனத்தில் தோன்றும். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு மெக்ரிட்சி, லோவர் பியர்ஸ் போன்ற நீர்த்தேக்கங்கள் தோன்றும். அவையும் மனிதர் கட்டியவைதான். பைக்கால் அந்தச் சொல்லுக்குள் அடங்காத ஒன்று. தெற்குச் சைபீரியாவில், ரஷ்யாவின் இர்குட்ஸ்க் மாநிலத்திற்கும் புரியாத்தியக் குடியரசுக்கும் நடுவே, 636 கிலோமீட்டர் நீளத்திற்குப் பிறை போல் வளைந்து கிடக்கிறது. சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு நேர்கோடு போட்டால் கிடைக்கும் தொலைவைவிடச் சற்று அதிகம். மிக அகன்ற இடத்தில் சுமார் 79 கிலோமீட்டர். அதன் நடுவே உள்ள ஒல்கோன் தீவின் பரப்பு ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட முழுச் சிங்கப்பூர். மிக ஆழமான இடம் 1,642 மீட்டர். பத்து புக்கிட் தீமா குன்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் உச்சி நீருக்கு வெளியே தெரியாது. கொள்ளளவு ஏறத்தாழ 23,600 கன கிலோமீட்டர். நம் நாடு நாள்தோறும் செலவிடும் நீர் சுமார் 440 மில்லியன் கேலன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், வேறு ஒரு சொட்டும் சேராமலேயே அந்த ஏரி நமக்கு முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் போதும். உங்கள் பெருங்காயக் கணக்கு இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது என்பது எனக்குப் புரிகிறது.

மகளின் கட்டுரைக்கு ஒரு சிறு திருத்தம்: உலக நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு என்று பொதுவாகச் சொல்வது தவறு. துருவங்களிலும் பனிமலைகளிலும் உறைந்து கிடப்பதையும் நிலத்தடி நீரையும் விட்டுவிட்டு, நிலத்தின்மேல் நீர்மமாக இருக்கும் நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு என்றுதான் எழுத வேண்டும்.

ஏரிகள் பொதுவாக நெடுநாள் வாழ்வதில்லை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்குள் தூர்ந்துபோன ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இயற்கை ஏரிகளிலும் பெரும்பாலானவை கடந்த பனியுகத்தின் முடிவில் தோன்றியவை. பத்தாயிரம், பதினையாயிரம் ஆண்டுகளே ஆனவை. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் அவற்றை மெல்ல நிரப்பிக்கொண்டிருக்கிறது. பைக்காலிலும் வண்டல் விழுகிறது. சில இடங்களில் ஏரியின் அடித்தளத்திற்குக் கீழே ஏழு கிலோமீட்டர் தடிமனுக்கு வண்டல் படிந்திருக்கிறது. அப்படியும் அது தூராமல் இருப்பதற்குக் காரணம், அந்த இடத்தில் நிலத்தட்டு பிளந்து விலகிக்கொண்டிருப்பதும், பிளவின் அடி தொடர்ந்து கீழே இறங்கிக்கொண்டிருப்பதும்தான். பாத்திரம் நிரம்புவதற்குள் பாத்திரமே ஆழமாகிக்கொண்டு போகிறது. 1862 சனவரியில் ஏற்பட்ட ஒரு நிலநடுக்கத்தில் செலெங்கா ஆற்றின் கழிமுகத்தில் ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் நிலம் அப்படியே இறங்கி ஏரிக்குள் போனது. இன்று அது ஒரு விரிகுடா. அதற்கு அவ்வூர்க்காரர்கள் வைத்த பெயர் புரோவால், அதாவது இடிந்து இறங்கிய இடம்.

வயதைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். 25 முதல் 30 மில்லியன் ஆண்டுகள் என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். அது பிளவு தொடங்கியதன் வயது. இன்று நாம் பார்க்கும் ஆழமான, குளிர்ந்த, அடிவரை ஆக்சிஜன் உள்ள ஏரி அதைவிட மிக இளையது, கடந்த சில மில்லியன் ஆண்டுகளில் உருவானது என்பதே வண்டல் ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அதேபோல் ஏரி ஆண்டுக்கு இரண்டு செண்டிமீட்டர் விரிகிறது, நாளை கடலாகப் போகிறது என்ற செய்தியும் பரவலாகச் சுற்றுகிறது. செயற்கைக்கோள் வழி அளந்தவர்கள் சொல்வது ஆண்டுக்குச் சுமார் நான்கு மில்லிமீட்டர்தான். கடல் ஆகுமா என்பது ஊகம். பிளவு நடந்துகொண்டிருக்கிறது என்பது உறுதி.

இனி, என் தொழிலுக்கு நெருக்கமான பகுதி. ஆழமான ஒரு நீர்நிலையின் உயிர் எதில் இருக்கிறது என்று என்னைக் கேட்டால், அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை நான் முதலில் பார்க்க மாட்டேன். மேல்நீர் எப்போது கீழே போகிறது என்பதைத்தான் பார்ப்பேன். எங்கள் வேலையில் விடியற்காலையில் படகில் போய், ஐந்து ஆழங்களில் மாதிரிப் புட்டியை இறக்கி நீர் எடுப்போம். மேலிருந்து எடுத்த புட்டியில் ஒரு வாடையும் இருக்காது. அடியிலிருந்து எடுத்ததைத் திறந்தால் சில நாள்களில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வெயிலில் சூடான மேல்நீர் இலேசாகி மேலேயே நின்றுவிடும்; கீழ்நீருக்குக் காற்று போகாது; அங்கே மக்கும் இலையும் சேறும் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும்; பிறகு சேற்றிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து வெளியே வரும். அதனால்தான் ஆழமான நீர்த்தேக்கங்களில் குழாய் போட்டு அடியில் காற்றை ஊதுகிறார்கள். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியும் பைக்காலைப் போலவே மிகப் பழமையானது, 1,470 மீட்டர் ஆழமுள்ளது. ஆனால் மேலே இருநூறு மீட்டர் வரைதான் அதில் ஆக்சிஜன் உண்டு. அதற்குக் கீழே ஒரு மீனும் வாழ முடியாது. ஆழமான வெப்பநாட்டு ஏரியின் இயல்பு அது.

பைக்காலில் 1,642 மீட்டரிலும் ஆக்சிஜன் இருக்கிறது, உயிர்கள் இருக்கின்றன. இது எப்படி நடக்கிறது என்பதுதான் அந்த ஏரியின் உண்மையான அதிசயம் என்பேன். நன்னீர் நான்கு பாகை செல்சியஸ் வெப்பநிலையில் மிகக் கனமாக இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அழுத்தம் கூடக்கூட அந்தப் பாகை குறைந்துகொண்டே போகும். இளவேனிலின் இறுதியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும் பலத்த காற்று குளிர்ந்த மேல்நீரைக் கரையோரமாகத் தள்ளிக் கீழே அழுத்தும். ஒரு குறிப்பிட்ட ஆழத்தைத் தாண்டிவிட்டால், அந்த அழுத்தத்தில் அந்தக் குளிர்நீரே சுற்றியிருக்கும் நீரைவிடக் கனமாகிவிடும். பிறகு அதைத் தள்ள யாரும் தேவையில்லை, தானே அடிவரை போய்ச் சேரும், தன்னோடு ஆக்சிஜனையும் கொண்டு போகும். கவனியுங்கள்: இத்தனை பெரிய ஏரியின் மூச்சு, ஆண்டில் சில வாரங்கள், கரையோரத்தில், மேற்பரப்பின் ஓரிரு பாகை வெப்ப வேறுபாட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. 23,600 கன கிலோமீட்டர் என்ற எண் இங்கே ஒரு பயனும் தராது.

உணவும் அப்படித்தான். சனவரி முதல் மே வரை ஏரி உறைந்திருக்கும். பனிக்கட்டி ஒரு மீட்டர் தடிமனுக்கு இருந்தாலும் காற்று மேலே விழும் பனியை அடித்துக்கொண்டு போய்விடுவதால் பல இடங்களில் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். சூரிய ஒளி ஊடுருவிக் கீழே போகும். அந்த வெளிச்சத்தில், உறைந்த கூரையின் அடியில், டயட்டம் என்ற ஒருவகைச் சிலிக்காப் பாசி ஆண்டின் பெரும் விளைச்சலைத் தரும். வெயில் கொளுத்தும் மாதத்தில்தான் பாசி பெருகும் என்று நினைத்துப் பழகிய எனக்கு, பனிக்கட்டிக்கு அடியில் அறுவடை என்பதை ஏற்க முதலில் கடினமாக இருந்தது. அந்தப் பாசியை மேய்வது எபிசூரா என்னும் ஒன்றரை மில்லிமீட்டர் உயிரி. உலகில் வேறெங்கும் இல்லாதது. ஏரியில் மிதக்கும் சிற்றுயிர்களின் மொத்த எடையில் பெரும்பங்கு அதுவே. அது குளிர்நீருக்குப் பழகியது; வெந்நீரை அன்று, பதினைந்து பாகை நீரையே அது தாங்காது.

இந்த இடத்தில் உயிரினங்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பைக்காலில் 2,500-க்கு மேற்பட்ட விலங்கினங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் பாதிக்கும் மேல் அங்கு மட்டுமே வாழ்பவை. நாம் கூனி என்று சொல்லும் சிற்றிறாலுக்குத் தூரத்து உறவான ஆம்பிபாடு வகையில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள்: எறும்பளவில் ஒன்று, விரல் நீளத்தில் ஒன்று, முள்ளாடை போட்டாற்போல் ஒன்று. கரையோரப் பாறைகளில் பச்சை நிறத்தில் மரக்கிளை போல் கிளைத்து நிற்கும் நன்னீர்ப் பஞ்சுயிரிகள் உண்டு. கோலோமியங்கா என்ற மீன் செதிலற்றது, கண்ணாடி போல் ஒளி ஊடுருவக்கூடியது, காற்றுப்பை இல்லாதது, உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. அது முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். ஏரியில் மிக அதிகமாக இருக்கும் மீன் அதுதான். ஆனால் கூட்டமாகத் திரிவதில்லை என்பதால் எந்த மீனவர் வலையிலும் பெரிதாகச் சிக்குவதில்லை.

அந்தக் கோலோமியங்காவைத் தின்று வாழ்வது நெர்பா. தமிழில் கடல்நாய் என்றுதான் சொல்ல வேண்டும், கடலையே பார்க்காத கடல்நாய். பீஷான் பூங்காவில் நாம் படம் எடுக்கும் நீர்நாயோடு மகள் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு குடும்பம். முழுக்க நன்னீரிலேயே வாழும் ஒரே கடல்நாய் இனம் நெர்பாதான். மிக அருகிலுள்ள கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இந்த ஏரிக்கு அது எப்படி வந்தது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆர்க்டிக் கடலோரக் கடல்நாய்களின் உறவு என்பதில் ஐயமில்லை. எந்தக் காலத்தில், எந்த ஆற்றின் வழியாக என்பதில்தான் கருத்து வேறுபாடு. எண்ணிக்கை ஏறத்தாழ எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். மீனைத் தவிர, சீப்புப் போன்ற பற்களால் நீரில் மிதக்கும் ஆம்பிபாடுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்கிறது என்பதை 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, நெர்பாவின் முதுகில் பொருத்திய ஒளிப்படக் கருவியின் வழி காட்டியது.

உங்கள் பெருங்காயத்திற்கு நேரடியான மறுப்பு இந்த நெர்பாவின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லியும், மின்மாற்றி எண்ணெயில் பயன்படுத்தப்பட்ட பிசிபி என்ற வேதிப்பொருள்களும் 1990-களிலேயே நெர்பாவின் கொழுப்பில் கணிசமாகக் கண்டறியப்பட்டன. ஏரி நீரில் அவற்றின் அளவு மிக மிகக் குறைவு. நீங்கள் சொன்னது போலவே கரைந்துதான் போயிருந்தது. ஆனால் இவை நீரை விரும்பாத, கொழுப்பை விரும்பும் பொருள்கள். பாசியிலிருந்து எபிசூராவுக்கு, அதிலிருந்து கொழுத்த கோலோமியங்காவுக்கு, அதிலிருந்து நெர்பாவுக்கு என்று ஒவ்வொரு படியிலும் சேர்ந்து செறிந்துகொண்டே போகும். தாய் பால் கொடுக்கும்போது குட்டிக்கும் போகும். ஏரி கரைத்ததை உணவுச் சங்கிலி மறுபடியும் திரட்டிவிட்டது. 1987–88-இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வகை நச்சுயிரி பரவி ஆயிரக்கணக்கான நெர்பாக்கள் இறந்தன. அந்தச் சாவுக்கு இந்த வேதிப்பொருள்களால் எதிர்ப்பாற்றல் குறைந்திருந்தது ஒரு காரணமா என்று சிலர் கேட்டார்கள். அது நியாயமான ஐயம், நிறுவப்பட்ட உண்மை அன்று.

இன்னொரு கணக்கும் உண்டு. முந்நூறுக்கு மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் பைக்காலுக்குள் வருகின்றன; வெளியே போவது அங்காரா ஒன்றுதான். ஓர் ஏரியின் நீர் முழுவதும் ஒரு முறை மாறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று நாங்கள் கணக்கிடுவோம். சிறிய நீர்த்தேக்கங்களில் அது சில வாரமோ சில மாதமோதான். தவறு நடந்தால் அடுத்த பருவமழை அடித்துக்கொண்டு போய்விடும். பைக்காலுக்கு அது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். அளவு பெரிதாக இருப்பது தவறைத் தாமதமாகக் காட்டும். அதைவிடத் தாமதமாகத்தான் விட்டும் போகும்.

அப்படியானால் ஏரி மாறியிருக்கிறதா என்பதை எப்படி அறிவது? இதற்குப் பதில் சொல்லும்போது ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இர்குட்ஸ்க் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் மிகயில் கோஷோவ், 1945-இல், போர் முடியும் முன்பே, போல்ஷியே கோத்தி என்ற சிற்றூருக்கு எதிரே ஏரிக்குள் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு முறை பல ஆழங்களில் நீரும் உயிரிகளும் எடுக்கத் தொடங்கினார். கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளை. அவருக்குப் பின் மகள் ஓல்கா கோஷோவா, அவருக்குப் பின் பேத்தி லியுபோவ் இஸ்மெஸ்தியேவா என்று மூன்று தலைமுறை அதைத் தொடர்ந்தது. நாடே பெயர் மாறியது. மாதிரி எடுப்பது நிற்கவில்லை. மழை நாளில் படகை எடுக்கச் சோம்பல்பட்டு ஒரு வாரம் தள்ளிப்போட்ட அனுபவம் எனக்கு உண்டு என்பதால், மைனஸ் முப்பது பாகையில் அறுபது ஆண்டு இடைவிடாது எடுத்தார்கள் என்பதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்தத் தரவை 2008-இல் வெளியிட்டார்கள். 1946 முதல் மேற்பரப்பு நீரின் வெப்பம் 1.21 பாகை உயர்ந்திருந்தது. 1979 முதல் பாசியின் அளவைக் காட்டும் குளோரோபில் மும்மடங்கு கூடியிருந்தது. வெப்பநீரை விரும்பும், உலகெங்கும் காணப்படும் நீர்த்தெள்ளு என்னும் மிதக்கும் சிற்றுயிர் வகைகள் 335 விழுக்காடு பெருகியிருந்தன. இவ்வளவு பெரிய, இவ்வளவு குளிர்ந்த நீர்ப்பரப்பு பருவநிலை மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும் என்றுதான் அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணம் தவறு என்று காட்டியது கரையில் இருந்த ஒரு சிறு நிலையமும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான்.

பனிக்கட்டியின் கணக்கு அதற்கும் பழையது. 1869 முதல் 1996 வரையிலான பதிவுகளின்படி ஏரி உறைந்திருக்கும் காலம் 18 நாள் குறைந்துவிட்டது. நெர்பா பனிக்கட்டியின்மேல், பனிக்குகைக்குள்தான் குட்டி ஈனும். இளவேனிலில் பனிக்கட்டியின்மேல் படுத்துத்தான் பழைய முடியை உதிர்க்கும். பனிக்கட்டி சீக்கிரம் கரைந்தால் அது கரையேற வேண்டியிருக்கும். கரையில் கரடி இருக்கும், மனிதரும் இருப்பர்.

கரையோரத்தை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். இர்குட்ஸ்க்கிலிருந்து எழுபது கிலோமீட்டர் வேனில் போய் லிஸ்த்வியங்கா என்ற ஊரில் இறங்கியதும் புகைபோட்ட ஓமுல் மீனின் மணம்தான் முதலில் வந்தது. படகுத்துறையிலிருந்து பார்த்தால் நீர் அவ்வளவு தெளிவு. பல மீட்டர் கீழே கிடக்கும் கல்லை எண்ணலாம். சற்றுத் தள்ளி, விடுதிகள் நெருக்கமாக இருந்த கரைக்கு நடந்து போனேன். அங்கே கற்கள்மேல் பச்சை முடி போல வழுவழுப்பாக ஒன்று படர்ந்திருந்தது. அலை ஒதுக்கிய குவியல் மக்கி நாறியது. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது, ஸ்பைரோகைரா. நம் ஊர் வடிகாலில் இருக்கும் சாதாரணப் பாசி. குளிர்ந்த, சத்துக் குறைந்த பைக்காலின் திறந்த கரையில் அது இப்படிப் படர்வதற்கு முன்பு இடமே இருந்ததில்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து ஊர்களை ஒட்டிய கரைகளில் பெருகிவருகிறது. சுற்றுலாப் பயணிகள் பெருகினார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பெருகவில்லை. சலவைத்தூளிலும் மலக்கழிவிலும் உள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் நிலத்தடி நீர் வழியாகக் கரைக்கு ஊறி வருகின்றன. இதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதே ஆண்டுகளில் பச்சைப் பஞ்சுயிரிகள் நிறமிழந்து, அழுகி, மடியத் தொடங்கின. அதற்குக் காரணம் நுண்ணுயிரியா, வெப்பமா, கழிவா, மூன்றுமா என்பது தீரவில்லை. பஞ்சுயிரி நோய் ஊர் இல்லாத கரைகளிலும் இருப்பதால் சாக்கடைமேல் மட்டும் பழி போட முடியாது.

உங்கள் உவமையின் பிழை எனக்கு அந்தக் கரையில்தான் தெளிவாகத் தெரிந்தது. பெருங்காயம் கடல் முழுவதிலும் கரைந்தால்தானே மணக்காது? சாக்கடை நடு ஏரியில் விழுவதில்லை. அது கரையில் விழுகிறது; கரையோரத்து ஆழமற்ற நீரில் கலக்கிறது; அந்த நீர் ஆழ்நீரோடு கலப்பதற்கு முன் பாசி அதைத் தின்றுவிடுகிறது. ஏரியின் உயிரினங்களில் பெரும்பாலானவை வாழ்வதும் அந்த ஒடுங்கிய ஓரத்தில்தான்.

ஆலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தென்கரையில் பைக்கால்ஸ்க் ஊரில் 1966-இல் தொடங்கிய காகிதக்கூழ் ஆலை 2013-இல் மூடப்பட்டது. சோவியத் காலத்திலேயே எழுத்தாளர்களும் அறிவியலாளர்களும் வெளிப்படையாக எதிர்த்த மிகச் சில திட்டங்களில் அதுவும் ஒன்று. ஆலை நின்றுவிட்டாலும் மரத்திலிருந்து கூழ் எடுத்தபின் எஞ்சிய ஆறு மில்லியன் டன்னுக்கு மேற்பட்ட லிக்னின் கசடு ஏரிக்கு அருகே திறந்த குட்டைகளில் கிடக்கிறது. பின்னாலேயே நிற்கும் கமர்-தபான் மலையிலிருந்து மழைக்காலத்தில் சேற்று வெள்ளம் இறங்கக்கூடிய இடம் அது. என்னைக் கேட்டால், ஓடிய ஆலையைவிட ஓடாத ஆலையின் குட்டைகள்தாம் கவலைக்குரியவை.

ஏரிக்குள் வரும் நீரில் ஏறத்தாழ பாதியைக் கொண்டுவரும் செலெங்கா ஆறு மங்கோலியாவில் பிறக்கிறது. உலான்பாத்தர் நகரின் கழிவும் தங்கச் சுரங்கங்களின் சேறும் அதன் கிளைகளில் கலக்கின்றன. ஆனால் ஏரிக்குள் நுழையும் முன் அது பரந்த நாணல் காட்டுக் கழிமுகமாக விரிகிறது. வண்டலோடு சேர்ந்த உலோகங்களில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த ஆற்றிலும் கிளைகளிலும் அணை கட்டும் திட்டங்கள் பலமுறை பேசப்பட்டுள்ளன. வெளியேறும் அங்காராவில் 1950-களில் கட்டப்பட்ட இர்குட்ஸ்க் நீர்மின் அணை ஏரியின் மட்டத்தை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்த்தியது. 1,642 மீட்டரில் ஒரு மீட்டர் எம்மாத்திரம் என்று தோன்றும். மீன்குஞ்சுகள் வளரும் ஆழமற்ற காயல்களுக்கு அந்த ஒரு மீட்டர்தான் எல்லாம்.

ஓமுல் மீனைப் பொறுத்தவரை, 2017 அக்டோபரில் வணிக மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது என்பது உறுதி. குறைந்ததற்குக் காரணம் திருட்டு மீன்பிடிப்பு என்று அதிகாரிகளும், பல பத்தாண்டுகள் காணாமற்போய்த் திரும்பி வந்திருக்கும் நீர்க்காகம் என்று மீனவர்களும், வெப்பமும் நீர்மட்ட மாற்றமும் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். நான் மீன்வளத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நீர்க்காகத்தின்மேல் மட்டும் பழி போடுவது எளிது என்பது என் எண்ணம். அது வந்து சாட்சி சொல்லாது.

மகள் விரும்பினால் இன்னும் அருகில் உள்ள ஒரு பழமையான ஏரியையும் ஒப்பிட்டு எழுதலாம். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் உள்ள மத்தானோ ஏரி ஏறத்தாழ 590 மீட்டர் ஆழமுள்ளது. அதிலும் அங்கு மட்டுமே வாழும் மீன்களும் நத்தைகளும் இறால்களும் உண்டு. கரையில் நிக்கல் சுரங்கமும் உண்டு. ஆனால் அண்மைக் காலத்தில் அதன் மீன்களை மிரட்டுவது, 2000-களின் தொடக்கத்தில் இங்கே வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டியில் வைத்துக் கொண்டாடினோமே, நெற்றி புடைத்த லுவோஹான் மீன், அதுதான். மனிதர் உருவாக்கிய அந்தக் கலப்பின மீனை யாரோ ஏரியில் விட, அது பெருகி உள்ளூர் மீன்களை விரட்டிவருகிறது. ஒரு தொட்டி மீனுக்கு முன்னால் 590 மீட்டர் ஆழம் ஒன்றும் செய்ய முடியவில்லை.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போய் உறைந்த பைக்காலைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் பார்க்க முடியாது. ஒல்கோன் தீவுக்கும் மேற்குக் கரைக்கும் இடைப்பட்ட ஆழமற்ற பகுதி டிசம்பரிலேயே உறையத் தொடங்கும்; திறந்த ஏரி முழுவதும் மூடுவதற்குச் சனவரி நடு ஆகிவிடும். லிஸ்த்வியங்கா பக்கத்தில் டிசம்பரில் நீங்கள் பார்ப்பது பனிமூட்டம் எழும் கருநீராகத்தான் இருக்கும். மார்ச் மாத ஒரு வார விடுமுறையில் போங்கள். பனிக்கட்டி அப்போது உறுதியாகவும் தெளிவாகவும் இருக்கும். உள்ளூர் வழிகாட்டி சொல்லாத இடத்தில் வண்டியை ஏற்றாதீர்கள். பனி இல்லாத தெளிந்த இடமாகப் பார்த்து மகளைக் குப்புறப் படுத்து, கைகளால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பனிக்கட்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழுப்புப் பச்சையில் மெல்லிய படலமாக ஏதாவது தெரிந்தால், அது அழுக்கு அன்று; அந்த ஆண்டின் டயட்டம் விளைச்சல்.